செவ்வாயும் வெள்ளியும் நிற்கிற பெட்டி

ஷார்ஜா
11.7.2008

அன்புள்ள லெட்சுமிக்கு,

வீரபத்திரன் எழுதுறேன். வெயில் மண்டையைப் பிளக்குது, மத்தபடி உடம்புக்கு ஒண்ணுமில்லை. ஆத்தாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு? நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா?

லீவுல வந்தப்போ வீட்டில் வச்சிட்டு வந்த கம்ப்யூட்டரைப் பத்தித்தான் இந்த லெட்டர். போன்ல சொல்லலாம். ஆனா போன் கூடத்தில் இருக்கு, ஆத்தா பக்கத்தில் இருந்தா நீ "ம், சரி"யைத் தாண்டி வாயே திறக்க மாட்டே. அதனால எழுதுறேன்.

இங்கே கம்பெனி நெட்டில் படம் இறக்க முடியாது. மாட்டினா வேலை போயிரும். ஆனா சும்மா ஒரு வெப்சைட் பாக்கிற மாதிரி நம்ம வீட்டுப் பெட்டியோட பக்கத்தை இங்கிருந்தே திறந்திருவேன். என் பாஸ்வேர்டு போட்டா போதும். நான் இங்கே உக்காந்துக்கிட்டு ஒரு படத்தோட டோரண்ட் லிங்கைக் குடுத்தா சாயல்குடியில் படம் இறங்க ஆரம்பிச்சிரும். எவ்வளவு இறங்கியிருக்கு, ஓடுதா நிக்குதா, எல்லாம் அதில் தெரியும். இறங்கி முடிஞ்சதை நான் காட்டிக்குடுத்தபடி டிவிடியில் அடிச்சு, வாலிநோக்கம் ஹமீது சுல்தான் பாய் ஊருக்கு வந்துட்டுத் திரும்புறப்போ குடுத்துவிடு. லீவு நாளானா நாங்க தங்கியிருக்கிற கேம்ப்பே என் ரூம் வாசல்லதான் நிக்குது. தியேட்டர்காரன்னே பேரு வச்சிட்டாங்க.

பெட்டியை எக்காரணம் கொண்டும் அமத்தக் கூடாது. கரண்ட் போனா பெரிய பாட்டரி போட்ட யுபிஎஸ் இருக்கு, தாங்கும். அது கீ கீன்னு கத்தும், பயப்படாதே. துணி போட்டு மூடாதே, சூடாயிரும். உன்னைத் தவிர வேற கை அதில் படக்கூடாது.

உன் வீரபத்திரன்


சாயல்குடி
26.7.2008

என் அன்பு மச்சானுக்கு,

லெட்டர் வந்துச்சு. பெட்டிக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு வரி. இருக்கட்டும், அது புதுப் பொண்டாட்டி, நான் பழசாயிட்டேன்ல!

உங்க சக்களத்தி நல்லாத்தான் இருக்கா. பச்சை விளக்கு மினுக்கு மினுக்குன்னு எரியுது. இறங்குன படமெல்லாம் அடிச்சு வச்சிட்டேன். ஹமீது அண்ணன் அடுத்த வாரம் கிளம்புறாக. கூடவே கருப்பட்டியும் சீலா கருவாடும் கட்டியிருக்கேன். "தங்கச்சி, இந்த வாசத்துக்கு ஏர்போர்ட்ல என்னை உக்கார வச்சிருவான்"னு சிரிச்சாக. சிரிச்சாலும் வாங்கிக்கிட்டாக.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீக. போன வாரம் அத்தை டேபிள் பேன் போடுறதுக்காக உங்க பெட்டிப் பிளக்கை உருவிட்டாகன்னு போன்ல நீங்க போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. பெத்தவளைப் போயி "கூறுகெட்ட கிழவி"ன்னு சொல்லலாமா? அன்னைக்கு முழுக்க அத்தை சோத்துத் தட்டைத் தொடல. முந்தானையைப் போத்திக்கிட்டுச் சுவரைப் பாத்துப் படுத்துட்டாக. உங்க வாய்க்கு நான் ஆளு, அத்தை ஆளில்ல. இனிமே அப்படிப் பேசுனா நான் பொல்லாதவளாயிருவேன்.

மிளகாய் வத்தல் காயப்போட்டாச்சு. மழை இல்ல. நீங்க இல்லாத வீடு எப்படி இருக்குமோ அப்படி இருக்கு.

உங்க லெட்சுமி


ஷார்ஜா
20.8.2008

அன்புள்ள லெட்சுமிக்கு,

பார்சல் வந்தது. கருவாட்டைப் பொரிச்ச அன்னைக்கு மலையாளத்தான்கூட எங்க ரூமைத் தேடி வந்துட்டான். எல்லாப் படமும் நல்லா ஓடுது. சந்தோஷம். ஆத்தாகிட்ட போன்ல தன்மையாத்தான் பேசினேன், கேட்டுக்க.

ஒரு சின்ன விஷயம். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலையில் நீ என்ன செய்யுறே? சும்மாதான் கேக்குறேன். அந்த ரெண்டு நாளும் காலையில் பெட்டி நின்னுருது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஓடுது. மத்த நாள்ல அப்படி இல்லை. நான் ஒருதடவை கவனிச்சேன், அப்புறம் தினமும் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

கேம்ப்பில் ஒருத்தனுக்கு ஊர்லருந்து ஒரு செய்தி வந்து, பாவம், மூணு நாளா சாப்பிடாம கிடக்கான். அவன் வீட்டுக் கதை வேற. நான் சும்மா சொன்னேன்.

வீரபத்திரன்


சாயல்குடி
3.9.2008

அன்புள்ள மச்சானுக்கு,

செவ்வா வெள்ளி என்னத்தைச் செய்வேன்? எல்லா நாளும் என்ன செய்யுறேனோ அதுதான். பெட்டி நின்னுச்சுன்னா கரண்ட் போயிருக்கும். இங்க கரண்டு வர்றதும் போறதும் யாரு கையில இருக்கு? பெட்டி எப்ப நிக்குது, எப்ப ஓடுதுன்னு அங்கன இருந்துக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்குள்ள எதும் கேமரா கீமரா வச்சிருக்கீகளா? நெசமாக் கேக்குறேன். லெட்டரைப் படிச்சதுலருந்து அது முன்னாடி சேலை மாத்தவே ஒருமாதிரியா இருக்கு.

போன மாசம் ஒரு நாள் மோடத்துல சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சு. நீங்க பெட்டி வாங்குன கடைக்காரர் குருநாதன் வந்து சரி பண்ணிக் குடுத்தாரு. அத்தை காபி போட்டுக் குடுத்தாக. அதையும் சொல்லிருறேன், அப்புறம் அதுக்கு ஒரு லெட்டர் வரும்.

அந்தக் கேம்ப்புக்காரர் கதையை எனக்கு எதுக்கு எழுதுனீக? எழுதுனதுக்கு என்ன அர்த்தம்னு நாள் முழுக்க யோசிச்சேன். யோசிச்சது தப்பா இருக்கட்டும் சாமின்னு வேண்டிக்கிட்டேன்.

லெட்சுமி


ஷார்ஜா
19.9.2008

லெட்சுமிக்கு,

கேமரா எல்லாம் இல்லை. பெட்டி எப்போ அமந்துச்சு, எப்போ முழிச்சுச்சுன்னு நான் திறக்கிற பக்கத்திலேயே தெரியும். மனுசன் சொல்றது மாறும், அது மாறாது.

கரண்ட் போச்சுன்னு எழுதியிருக்கே. ஆத்தாகிட்ட நைசாக் கேட்டேன். கரண்ட் கட் மத்தியானம்தான்னு சொல்லுது. மத்தியானம் பெட்டி நிக்கிறதே இல்லை, யுபிஎஸ் தாங்குது. அப்போ காலையில் எப்படி நிக்கும்? யாராவது யுபிஎஸ்ஸையும் சேத்து அமத்தினாத்தான் நிக்கும். அதுவும் செவ்வாயும் வெள்ளியும் மட்டும். நான் படிக்காதவன் இல்லை லெட்சுமி.

பெட்டி வழியா நான் இங்கிருந்து பாக்குறேன்னு தெரிஞ்சு பயப்படுற ஆளுதான் அதை அமத்துவான். அது யாருக்குத் தெரியும்? பெட்டியை மாட்டினவனுக்குத் தெரியும். குருநாதன் ஒரு நாள்தான் வந்தானா? ஆத்தாகிட்ட கேட்டதுக்கு "அந்தப் புள்ள வந்துச்சு, தங்கமான புள்ள"ன்னு சொல்லுது. எத்தனை தடவைன்னு அதுக்குச் சொல்லத் தெரியலை.

அந்த நேரத்தில் என்ன நடக்குது? ஒரே ஒரு வரி உண்மையை எழுது, போதும்.

வீரபத்திரன்


சாயல்குடி
4.10.2008

மச்சானுக்கு,

ஒரு வரிதானே? எழுதுறேன். கரண்ட் போச்சுன்னு நான் சொன்னது பொய்.

இன்னும் ஒண்ணும் எழுதுறேன். அந்த நேரத்துல இந்த வீட்டுல அசிங்கமா எதுவும் நடக்கல. பெட்டி ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்னு ஒருத்தவுகளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவுக என் கையைப் பிடிச்சுக் கேட்டாக. நீங்க என் வாயைப் பிடுங்குறீகன்னு அந்த வாக்கை நான் விட முடியாது.

இதை நம்புங்க. எதையும் காட்டாம, எந்தச் சாட்சியும் வைக்காம, லெட்சுமி சொன்னான்னு மட்டும் நம்புங்க. நம்ம கல்யாணம் முடிஞ்சு இத்தனை வருசத்துல உங்ககிட்ட நான் நகை கேட்டதில்ல, சேலை கேட்டதில்ல. இதைத்தான் கேக்குறேன்.

குருநாதனைப் பத்தி எழுதியிருக்கீக. தூ! அந்த மனுசன் என்னை "மதினி"ன்னு கூப்பிடுறாரு. நிமிந்து பாத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. கடையில பாதி நாள் நீங்கதானே அவர்கூட உக்காந்து டீ குடிச்சீக? அப்ப நல்லவரு, விமானம் ஏறுன உடனே கெட்டவரா?

கொண்டவன் துணையிருந்தா கூரை ஏறிச் சண்டை போடலாம்னு சொல்லுவாக. இங்க கொண்டவனே ஏணியை உருவுறான். எனக்கு ரொம்ப வலிக்குது மச்சான்.

லெட்சுமி


ஷார்ஜா
18.10.2008

ராமலெட்சுமிக்கு,

பொய்யின்னு நீயே எழுதிட்டே. வாக்குக் குடுத்த ஆள் யாருன்னும் சொல்ல மாட்டேங்கிறே. புருஷனை விடப் பெரிய ஆள் ஒருத்தர் உனக்கு இருக்காருன்னா நான் இதுக்கு மேல உன்கிட்ட கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

உங்க அண்ணன் மூக்கையாவுக்கு லெட்டர் போட்டிருக்கேன். அவர் வந்து விசாரிப்பார். ஆத்தாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை, அது தாங்காது.

வீரபத்திரன்


சாயல்குடி
2.11.2008

வீரபத்திரன் அவர்களுக்கு,

என் அண்ணன் வந்துச்சு. உங்க ஆசைப்படியே வெள்ளிக்கிழமை காலையில, சொல்லாம கொள்ளாம வந்துச்சு. கையும் களவுமா பிடிக்கணும்ல!

நான் கையில தொடப்பத்தோட நின்னேன். கூடம் முழுக்கத் தண்ணி. "வாண்ணே"ன்னு சொல்லிச் செம்புல தண்ணி கொண்டாந்து நீட்டுனேன். அண்ணன் வாங்கல. கூடப் பொறந்தவன் என் கையால தண்ணி வாங்கல. அப்பவே எனக்கு விளங்கிருச்சு, நீங்க எழுதுனதை நம்பித்தான் வந்திருக்குன்னு.

நாற்காலியைப் பஞ்சாயத்துக்காரர் மாதிரி நடுக்கூடத்துல போட்டு உக்காந்துட்டு, "வேர்க்குது, பேனைப் போடு"ன்னுச்சு. நான் நின்னது நின்னபடி நின்னேன். அண்ணனே எந்திரிச்சு சுவிச்சைத் தட்டுச்சு. பேன் சுத்தல. அதுக்குள்ள, சுவிச்சு டக்குன்னது கேட்டு, கொல்லையிலருந்து அத்தை ஒரு சத்தம் போட்டாக பாருங்க: "ஏலே, எவன்லே அது சுவிச்சுல கை வைக்கிறது? தரை காயிற வரைக்கும் மெயினை ஏத்தக் கூடாதுன்னு இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாதா?"

விளங்குதா உங்களுக்கு?

செவ்வாயும் வெள்ளியும் உங்க வீட்டைக் கழுவி விடுவாக. நீங்க பொறக்குறதுக்கு முன்னாடியே கழுவுனாக. உங்களையும் சின்ன வயசுல வாளி தூக்க வச்சதா அத்தை சொல்லுறாக. போன ஐப்பசி மழையில நம்ம செவலைப் பசு அறுந்து விழுந்த கரண்டுக் கம்பியை மிதிச்சுத் துடிச்சுச் செத்துச்சே, எழுதியிருந்தேனே. அதுலருந்து தரையில தண்ணி விழுந்தா அத்தை மெயினை இறக்கிருவாக. இறக்குன உடனே உங்க யுபிஎஸ் கீ கீன்னு கத்துது. அந்தச் சத்தம் கேட்டா அத்தைக்கு நெஞ்சு படபடங்குது. அதையும் அமத்திருவாக. தரை காஞ்சதும் நான் எல்லாத்தையும் திருப்பிப் போட்டுருவேன். நீங்க லீவுல இருந்த நாள்லயும் இதுதான் நடந்துச்சு. நீங்க காலையிலேயே பஜாருக்குப் போயிருவீக, உங்களுக்கு எங்க தெரியும்?

நீங்க போன்ல சத்தம் போட்டதுக்கு அடுத்த தடவை அமத்தப் போறப்ப நான் தடுத்தேன். அத்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவன்கிட்ட சொல்லிராத தாயி, அன்னைக்கு மாதிரி என்னைப் பேசுனா நான் தாங்க மாட்டேன்"னு அழுதாக. நான் வாக்குக் குடுத்தேன். உங்க வாய்க்குப் பயந்து உங்க ஆத்தா மறைச்சதை, அவுகளுக்காக நானும் மறைச்சேன். அதுதான் என் கள்ளத்தனம்.

அண்ணன் உங்க லெட்டரைச் சட்டைப் பையிலருந்து எடுத்துச்சு. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. "என்னலே அது, வாசி"ன்னாக. அண்ணன் மென்னு முழுங்குச்சு. "வாசிலே"ன்னு அதட்டுனாக. வாசிச்சுச்சு. குருநாதன் பேரு வந்த இடத்துல அத்தை தலையில அடிச்சுக்கிட்டாக. "பெட்டியை நிப்பாட்டுறது நாந்தேன்னு எழுதுலே அவனுக்கு! எம் மருமகளைச் சொன்ன வாயி புழுத்துப் போகும்னு எழுது!" பெத்த வயிறு, அதையும் சொல்லிட்டு உடனே "அய்யய்யோ, எம் புள்ளையை நானே சபிச்சுட்டேனே"ன்னு ஒரு அழுகை.

அப்புறம்தான் அண்ணன் என்கிட்ட தண்ணி கேட்டுச்சு. குடிச்சுட்டுப் போயிருச்சு. இனி எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் பொங்கலுக்கு அந்த வீட்டு வாசல்ல போயி நிக்கிறது? அண்ணன் வந்துட்டுப் போனதைத் தெருவே பாத்துச்சு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

ராமலெட்சுமி


ஷார்ஜா
20.11.2008

என் உயிர் லெட்சுமிக்கு,

உன் லெட்டரைப் படிச்சிட்டு பாத்ரூமுக்குள்ள போயி அழுதேன். நான் மனுசனே இல்லை. செவ்வாய் வெள்ளி வீடு கழுவுறது எனக்கு எப்படி மறந்துச்சுன்னு தெரியலை. வாளி தூக்கினது ஞாபகம் வருது. உள்ளங்கை காய்ச்சுப் போகும். இப்போ ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்.

மூக்கையா மச்சானுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிட்டேன். ஆத்தாகிட்ட போன்ல பேசினேன். "உம் பொண்டாட்டிகிட்ட கேளு மன்னிப்பை"ன்னு வச்சிருச்சு. கேக்குறேன். என்னை மன்னிச்சிரு லெட்சுமி. இங்கே தனியாக் கிடந்தா புத்தி இப்படித்தான் போகுது. வேலை முடிஞ்சு வந்தா வேற என்ன இருக்கு? அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கிட்டு இருப்பேன். பச்சையா ஓடுனா நீ வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு நிம்மதி. நின்னா மறுபடி ஓடுற வரைக்கும் அது முன்னாடியே உக்காந்திருப்பேன்.

சித்திரைக்கு லீவு கேட்டிருக்கேன். உனக்கு ஒரு செல்போன் வாங்கி, ஊருக்கு வர்ற கீழக்கரைக்காரர் ஒருத்தர்கிட்ட இந்த லெட்டரோட குடுத்துவிடுறேன். இனி நம்ம ரெண்டு பேரும் நினைச்ச நேரம் பேசிக்கலாம், ஆத்தாவுக்குத் தெரிய வேண்டாம்.

பெட்டியை ஆத்தா தாராளமா அமத்தட்டும்.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. தப்பா எடுத்துக்காதே. போன புதன்கிழமை காலையில் ரொம்ப நேரம் பெட்டி நின்னுருந்துச்சு. புதன்கிழமை வீடு கழுவுற வழக்கம் இல்லையே? சும்மா ஒரு இதுக்குத்தான் கேட்டேன். பதில் எழுதலைன்னாலும் பரவாயில்லை. எழுதினா நல்லது.

என்றும் உன்
வீரபத்திரன்


சாயல்குடி
12.12.2008

மச்சானுக்கு,

லெட்டரும் போனும் வந்துச்சு. போனை, கொண்டாந்தவர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். பெட்டி வாயில்லாம வேவு பாத்துச்சு. இது மணியடிச்சு எங்கன இருக்கேன்னு கேக்கும்.

லெட்டரை அத்தைக்கு வாசிச்சுக் காட்டுனேன். மன்னிச்சிருன்னு எழுதின இடத்துல அத்தை அழுதாக. நானும் அழுதேன். ஏன் மறைக்கணும், உங்க மேல எனக்கு ஆசை அத்துப் போகல. பாத்ரூமுல அழுதேன்னு எழுதியிருந்ததைப் படிக்கையில ஓடி வந்து கண்ணைத் தொடைக்கணும்போல இருந்துச்சு. சரி, எல்லாம் தீந்துச்சு, சித்திரைக்கு வந்தா மூஞ்சியைத் திருப்பிக்காம இருக்கணும்னுகூட நினைச்சேன். அதுக்கப்புறம் புதன்கிழமை வந்துச்சு. வாசிக்காம விட்டிருக்கலாம், வாய் வாசிச்சிருச்சு.

அத்தை எந்திரிச்சுப் போயி மெயினை இறக்குனாக. தரை காஞ்சுதான் கிடந்துச்சு.

மறுநாள் ஒரு ஆட்டோ பிடிச்சோம். பெட்டியை நான் மடியில வச்சுக்கிட்டேன், டிவி மாதிரி இருக்கே அதை அத்தை வச்சுக்கிட்டாக. யுபிஎஸ் கால்மாட்டுல. நேரா குருநாதன் கடையில போயி இறங்குனோம். மனுசன் பதறிட்டாரு. "என்ன மதினி, ரிப்பேரா?"ன்னாரு. "ரிப்பேரு இல்ல தம்பி, வீட்டுல இடம் பத்தல. இங்கன ஓடட்டும்"னு அத்தைதான் சொன்னாக. அவருக்கு விசயம் ஒண்ணும் தெரியாது. நாங்களும் சொல்லல. ஒரு நல்ல மனுசன் நிம்மதியா இருக்கட்டும். அவர் கடை லைன்ல மாட்டிட்டாரு. உங்க பக்கம் முன்ன மாதிரியே திறக்குமாம். படத்தை டிவிடியில அடிச்சு அவரே ஹமீது அண்ணனுக்குக் குடுத்துருவாராம். ஞாயித்துக்கிழமை கடை லீவு, பெட்டி நிக்கும். அதுக்கு யாரையும் சந்தேகப்படாதீக.

இனி புதன்கிழமை. நான் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். கேட்டா நீங்களே சிரிப்பீக, அம்புட்டுச் சின்ன விசயம். ஆனா சொல்ல மாட்டேன். இந்தத் தடவை யாருக்கும் வாக்குக் குடுக்கல. சொல்ல மனசில்ல, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைக்குச் சாட்சி சொன்னேன், புதன்கிழமை வந்துருச்சு. புதனுக்குச் சொன்னா வியாழன் வரும். ஒவ்வொரு நாளுக்கும் சாட்சி வச்சுக் குடும்பம் நடத்த என்னால ஆகாது.

நான் சொல்லாத அந்தப் புதன்கிழமையோட சேத்து என்னை வச்சு வாழ முடியும்னா சித்திரைக்கு வாங்க. சோறு பொங்கி வைக்கிறேன். முடியாதுன்னா, உங்க படமெல்லாம் குருநாதன் கடையில பத்திரமா இறங்கிக்கிட்டு இருக்கும்.

ராமலெட்சுமி